பேச்சிமுத்து குத்தாத சீல்

மெக்கானிக் பேச்சிமுத்து இறந்த செய்தி எனக்கு ஆர்டராக வந்தது. திருத்தங்கலில் அச்சகம் வைத்திருப்பவனுக்குச் சாவுச் செய்தி வேறு எப்படி வரும்? இந்த வட்டாரத்தில் யார் கண்ணை மூடினாலும் எமதர்மனுக்கு அடுத்தபடியாகத் தகவல் தெரிவது எனக்குத்தான். சில சமயம் எனக்குத் தெரிந்து அரை மணி நேரம் கழித்தே எமனுக்குத் தெரியும். அன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. கீழே ஒரு வரி: "அண்ணாச்சி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மதியத்துக்குள்ள வேணும்." மத்தாப்புப் பெட்டி லேபிளில் சிவப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவன், போட்டோவைப் பெரிதாக்கினேன். ஒரு வண்டியின் சீட்டில் கையை ஊன்றி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதையோ உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார் பேச்சிமுத்து.

ஐம்பத்திரண்டு வயது. கடையைத் திறந்து, சாம்பிராணி காட்டிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போஸ்டரை நானே நின்று அடித்தேன். வருந்துவோர் பட்டியலில் நாற்பது பெயருக்கு மேல் இருந்தது. என் பெயரைச் சேர்க்கவா என்று கம்போசிங் செய்யும் பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது எனக்கு முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள்.

"தங்கமான ஆளுப்பா. அந்த சீல் விசயத்துல மட்டும் சறுக்கிட்டாரு."

"ஆமாமா, கருப்பசாமி வண்டிக்கு."

நாரணாபுரத்தில் ஒன்றரை வருடமாக எல்லோரும் நம்புகிற கதை அது. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் கருப்பசாமியின் புது வண்டிக்கு, சர்வீஸ் செய்யாமலே செய்ததாகப் புத்தகத்தில் கள்ள சீல் குத்தி, வாரண்டியைக் கெடுத்தவர் பேச்சிமுத்து என்பது கதை. அந்த சீலை அவர் குத்தவில்லை. குத்தியவன் நான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோர் கையிலும் இந்தத் தாளை நானே அடித்துக் கொடுக்கிறேன். அவர் பெயரில் இருக்கும் அந்தக் கறை என் அச்சகத்து மை.

இனி அவரைப் பற்றி. அவருடைய காதைப் பற்றி நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள், மீதியே உங்களுக்கு அதிகம். பங்குனிப் பொங்கலன்று மேளமும் அதிர்வேட்டும் சேர்ந்து ஆகாயத்தை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்கு அந்தப் பக்கம் போன வண்டியைக் கேட்டு, "அதுல செயின் லூசு" என்றார். ஓடிப் போய்ப் பார்த்தோம், லூசு. ஒரு நாள் என் அச்சகத்துக்கு டீ குடிக்க வந்தவர், கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "உங்க மிஷின்ல பின்னாடி இடது பக்கம் ஒரு பேரிங் அழுவுது அண்ணாச்சி," என்றார். சிரித்தேன். அடுத்த வாரம் அந்த பேரிங் போனது, அதோடு ஒரு சீசன் லோடும் போனது. யானை தும்மினால் எந்த சிலிண்டர் மிஸ்ஸாகிறது என்று சொல்லக்கூடியவர்.

வண்டியைக் கொண்டு வருகிறவர்கள் வந்ததும் புலம்ப ஆரம்பிப்பார்கள். பேச்சிமுத்து கையைக் காட்டுவார். "நீங்க செத்த சும்மா இருங்க, வண்டி பேசட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஓட்டுறவன் பொய் சொல்லுவான் அண்ணாச்சி. வண்டிக்கு அது தெரியாது," என்பார்.

இப்படிப்பட்ட சக்கரவர்த்தி, வாரண்டியில் இருக்கும் புது வண்டியை மட்டும் தொட மாட்டார். கருப்பசாமி வண்டி எடுத்த புதிதில், மாலையும் கழற்றாமல் கடைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"பேச்சியண்ணே, சர்வீஸெல்லாம் நீங்களே பாத்துருங்க. கம்பெனில கொண்டு விட்டா ஒரு நாள் வேல போவுது."

"ஏலே, இது இன்னும் கம்பெனிக்காரன் வீட்டுப் புள்ள. நட்டுல மார்க் வச்சு அனுப்பிருக்கான். நான் ஸ்பேனர் வச்சு, நாளைக்கு எஞ்சின் போச்சுன்னா கை விரிச்சிருவான். அவன் சொன்ன நாளுக்குள்ள, அவன் கையால சர்வீஸ் பண்ணி, புத்தகத்துல அவன் சீல் இருக்கணும்."

"சீலு வண்டிய ஓட்டுமாக்கும்?"

"ஓட்டாது. நின்னு போனா தள்ளும்."

கருப்பசாமி சிரித்தார். பேச்சிமுத்து சிரிக்கவில்லை. "வாரண்டி புத்தகத்துல இருக்கு, ஆயுசு ஆயில்ல இருக்கு. ரெண்டையும் பாக்கணும்லே," என்றார்.

ஆனால் பட்டாசு ஆலைக்காரர்கள் ஷோரூமுக்கு எப்போது போவது? காலையில் ஆலை கேட்டுக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே. வண்டிகளும் உள்ளே வரக் கூடாது. கேட்டுக்கு வெளியே தள்ளி வரிசையாக நிற்கும், சாவிகள் வாட்ச்மேன் அறையில் ஆணியில் தொங்கும். இதற்குப் பேச்சிமுத்து ஒரு வழி வைத்திருந்தார். எந்த வண்டிக்கு என்றைக்கு சர்வீஸ் என்று குறித்து வைத்துக்கொண்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்து, தானே சிவகாசி ஷோரூமுக்கு ஓட்டிப் போய், சர்வீஸ் முடித்து, ஆலை விடுகிற சங்கு ஊதுவதற்குள் கொண்டு வந்து நிறுத்திவிடுவார். ஊர் வண்டியெல்லாம் சரிசெய்கிற மெக்கானிக், இன்னொருத்தன் பட்டறையில் வாடிக்கையாளராகப் போய் உட்காருவதை உலகத்தில் வேறெங்கும் நீங்கள் பார்த்திருக்க முடியாது. கூலி வாங்க மாட்டார். "வாரண்டி முடிஞ்சா நம்மகிட்டதான வரப்போவுது. வரப்போற மருமகள இப்பவே நல்லா வச்சுக்கிடணும்ல," என்பார்.

ஒரு முறை நானும் கூடப் போனேன். ஏசி அறையில் கண்ணாடிக்குப் பக்கத்தில், கோயிலுக்கு வந்தவர் மாதிரி கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். அட்வைசர் டீ வேண்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் தம்பி. அங்கன ரெண்டாவது வண்டில ஆயில் போல்ட்டுக்கு வாஷர் போடாம முடுக்குறாங்க."

அட்வைசர் எட்டிப் பார்த்து, ஓடிப் போய்ச் சரிசெய்யச் சொல்லிவிட்டு வந்தார். "உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுச்சு?"

"எங்க வீட்டுல தையல் மிஷின் இருக்கு தம்பி," என்றார் பேச்சிமுத்து, தானும் மெக்கானிக் என்று காட்டிக்கொள்ளாமல்.

அந்த வருடம் தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது பேச்சிமுத்துவுக்குக் காய்ச்சல். போன் செய்தார். குரல் பாதிதான் வந்தது.

"அண்ணாச்சி, எந்திரிக்க முடியல. கருப்பசாமி வண்டிக்கு மூணாவது சர்வீஸ், இன்னைக்குத்தான் கடைசி நாள். சாவி கேட்டுல இருக்கு. நீங்க எப்படியும் சிவகாசிக்குப் போவீகள்ல?"

"பேச்சி, நீ படுத்து ஒறங்கு. இந்திரன் ஐராவதத்தக் குடுத்தாக்கூட சர்வீஸ் பண்ணிக் கொண்டு வந்து கட்டிருவேன்."

"ஆயில் மாத்துறத மட்டும் கண்ணால பாத்துருங்க."

சாவியை எடுத்தேன், வண்டியை எடுத்தேன், சிவகாசிக்கும் போனேன். போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் தலையைக் காட்டினேன். ராக்கெட் லேபிளில் வானத்து நீலம் வாடிக் கிடக்கிறது என்று முதலாளி பிடித்துக்கொண்டார். சீசனில் ஒரு நீலத்துக்காக நாங்கள் உயிரை விடுவோம். மையைக் கலந்து, தேய்த்து, வெயிலில் காட்டி, மறுபடி கலந்து, அவர் தலையை ஆட்டியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கருப்பசாமியின் வண்டி வாசலில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அது ஏன் நிற்கிறது என்பது ஞாபகம் வந்தது. ஷோரூமுக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது.

மறுநாள் காலையில் போய், ஒரு நாள் தவறிவிட்டது என்று கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்களோ என்னவோ. கேட்கவில்லை. சீசன். சீசனில் ஆலைச் சங்கு தாமதமாகத்தான் ஊதும், அதற்குள் வண்டியை அன்றே கேட்டில் விட்டேன். பேச்சிமுத்து போன் செய்தார்.

"ஆயில் மாத்துனாங்களா அண்ணாச்சி?"

"என்ன இப்படிக் கேட்டுட்ட? கருங்கடலே வடிஞ்சுதுய்யா. தட்டு பத்தாம ட்ரம் கொண்டு வந்து புடிச்சாக."

சிரித்தார். "அப்பச் சரி," என்று வைத்துவிட்டார். என் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பது இந்த ஊரின் வழக்கம். உங்களுக்குத் தெரியும். அன்று அந்த மனுசன் பாதியைத் தள்ளவில்லை, முழுதாக நம்பினார். மற்ற வண்டிகளை ஷோரூமிலிருந்து கொண்டு வந்ததும் ஆயில் குச்சியை எடுத்து விரலால் தொட்டுப் பார்ப்பவர், காய்ச்சல் தெளிந்த பிறகும் இந்த வண்டியை மட்டும் தொட்டுப் பார்க்கவில்லை.

வண்டியோடு எடுத்துப் போன சர்வீஸ் புத்தகம் என் பையில் இருந்தது. முதல் இரண்டு சர்வீசுக்கும் சீல் இருந்தது, மூன்றாவது கட்டம் காலி. லேபிளும் பத்திரிகையும் சீலும் செய்கிறவனுக்கு ஒரு காலிக் கட்டம் எம்மாத்திரம்? ஷோரூம் சீலைப் பார்த்து அப்படியே செய்தேன். "அப்படியே" என்பது பொய். அவர்கள் சீல் கோழி கிளறிய மாதிரி இருந்தது. ஒரு எழுத்து உடைந்திருந்தது, பார்டர் பாதி இல்லை, மை ஒரு பக்கம் கொழகொழவென்று. என் கை கேட்கவில்லை. எழுத்தைச் சரிசெய்தேன். பார்டரை முழுதாக்கினேன். நல்ல மையில் நேராகக் குத்தினேன். பார்த்துக் கொஞ்சம் பெருமையும் பட்டேன். புத்தகத்தை கேட்டில் கொடுத்தனுப்பிவிட்டு ராக்கெட் லேபிளுக்குத் திரும்பினேன்.

பழைய ஆயிலிலேயே சீசன் முழுக்கவும் அதற்குப் பிறகும் அந்த வண்டி ஓடியது. பங்குனி வெயிலில், வெம்பக்கோட்டை ரோட்டில், கருப்பசாமியும் அவர் மனைவி முனீஸ்வரியும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இருவருக்கும் ஒரே ஆலையில் வேலை. வண்டி இல்லாவிட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும். நேரம் தவறினால் அன்றைக்கு கேட் திறக்காது. தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஆனாலும் கருப்பசாமி கலங்கவில்லை. புத்தகத்தில்தான் சீல் இருக்கிறதே. பேச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு, எதற்கும் ஒரு பெரிய மனுசன் இருக்கட்டும் என்று என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்த சொன்னா மதிப்பாக." பெரிய மனுசன் போனேன்.

அட்வைசர் புத்தகத்தைப் புரட்டினார். மூன்றாவது கட்டத்தில் நின்றுவிட்டார்.

"இந்த சீல் எங்களுது இல்ல."

"எப்படிச் சொல்றீக?" என்று கேட்டது நான்தான்.

"எங்க சீல்ல ஒரு எழுத்து உடைஞ்சு நாலு வருசமாச்சு சார். இது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர்லயும் அந்தத் தேதில இந்த வண்டி வரவே இல்ல."

கம்ப்யூட்டர் என்ற ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கருப்பசாமி பேச்சிமுத்துவைப் பார்த்தார். பேச்சிமுத்து புத்தகத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டு போய், அந்த சீலின் மேல் கட்டை விரலை ஓட்டினார். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார்.

"நான்தான் குத்துனேன்."

மேனேஜர் வந்தார். போலீஸ் என்ற சொல் வந்தது. பிறகு, இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று முடிந்தது. கருப்பசாமி, "ஒங்களப் போயி நம்புனேன் பாருங்க," என்று சொல்லிவிட்டு வெளியேறினார். ஐராவதம், கருங்கடல் என்று பதினான்கு லோகத்தையும் அளக்கிற என் வாய், அந்த அறையில் இருந்த நேரம் முழுக்க ஒட்டிக்கொண்டு கிடந்தது.

வெளியே பஸ்ஸுக்கு நின்றோம். இரண்டு பஸ் போன பிறகு பேச்சிமுத்து சொன்னார்: "அச்சு நல்லாருக்கு அண்ணாச்சி."

அந்த எஞ்சினை அவரே இறக்கிப் பிரித்து, மூன்று நாள் வேறு வேலை பார்க்காமல் சரிசெய்தார். கருப்பசாமி பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பி வண்டியை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு பேச்சிமுத்துவோடு பேசவில்லை. ஆலையில் ஆணியிலிருந்து சாவி எடுக்க வேண்டாம் என்று மற்றவர்களும் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் தாங்காமல் கடைக்குப் போனேன். கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம் பேச்சி அப்படிச் சொன்ன?"

"நான் கெட்ட பேரோட ஸ்பேனர் புடிச்சிருவேன். கள்ள சீல் அடிச்ச பிரஸ்ஸுக்கு எவன் லேபிள் குடுப்பான்? உங்ககிட்ட அம்புட்டுப் பேரு வேல பாக்குறாக."

"இல்லய்யா, நான் போயி கருப்பசாமிகிட்ட உண்மையச் சொல்லிருதேன்."

தலையைச் சாய்த்தார். எந்த வண்டியும் ஓடவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"போவ மாட்டீக அண்ணாச்சி. விடுங்க."

அவர் காது தப்பாகக் கேட்டதில்லை. நான் போகவில்லை. வாரம், மாதம், அடுத்த தீபாவளி. போகவே இல்லை.

அவர் போன மூன்றாம் நாள் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி செல்வி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மாலை போட்ட படத்துக்குக் கீழே அவருடைய போன் கிடந்தது. அது அடித்தது. செல்வி எடுக்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் எடுத்தேன்.

"வணக்கம், பேச்சிமுத்து சாருங்களா? உங்க வண்டிக்கு சர்வீஸ் டைம் வந்துருச்சு சார்." வண்டி நம்பரைச் சொன்னாள் ஒரு பெண். கருப்பசாமியின் வண்டி.

ஆலைக்குள் போன் கொண்டு போக முடியாது என்பதால், ஷோரூமில் எல்லா வண்டிக்கும் பேச்சிமுத்து தன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அவரை வாசலில் நிறுத்திய பிறகும் நம்பரை யாரும் மாற்றவில்லை. "அடிக்கடி வரும்," என்றார் செல்வி. "குறிச்சுக்கிட்டு, கேட்டு வாட்ச்மேன்கிட்ட போயிச் சொல்லிட்டு வருவாக, இன்ன வண்டிக்கு இத்தனாம் தேதின்னு. யாரு சொன்னதுன்னு மட்டும் சொல்லிராதன்னு சொல்லிருவாகளாம்."

ஒன்றரை வருடமாக. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களின் வண்டிகளுக்கு.

போனில் அந்தப் பெண் திரும்பக் கேட்டாள்: "பேச்சிமுத்து சார்தானே?"

ஆமா, வண்டியைக் கொண்டு வருகிறேன் என்றேன். என் குரல்தான். அன்றிலிருந்து அச்சகத்துக்கு வெளியே வண்டி போனால் எனக்குச் சத்தம் பிரிந்து கேட்கிறது. செயின் லூசு. பிரேக் கட்டை தேய்ந்திருக்கு. மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. சத்தத்துக்கு நடுவில் யாரோ தலையைச் சாய்த்து நிற்கிற மாதிரி இருக்கிறது, திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். பேய்கள்தான் என் பேச்சுக்குப் பயந்து ஊரைக் காலி செய்தன என்று நானே சொல்லித் திரிந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை நாரணாபுரத்தில் கருப்பசாமி வீட்டுக்குப் போனேன். "வாங்க அண்ணாச்சி, இருங்க. காப்பி சாப்பிடுதீகளா?" என்றார் முனீஸ்வரி. வேண்டாம் என்று, நின்றுகொண்டே எல்லாவற்றையும், ஷோரூம் போனையும், இதை ஊருக்கே அச்சடித்துக் கொடுக்கப்போவதையும் சொல்லி முடித்தேன். எதையும் பெரிதாக்கவில்லை. பெரிதாக்க அதில் ஒன்றும் இல்லை.

கருப்பசாமி கேட்டார்: "அப்ப நான் அவருகூடப் பேசாம இருந்தது?"

அவரே தொடர்ந்தார்.

"போன மாசம் பஸ் ஸ்டாண்டுல எதுக்க வந்தாரு அண்ணாச்சி. சிரிச்சாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

முனீஸ்வரிதான் என்னைக் கேட்டார். "அன்னைக்கே வந்து, மறந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நாங்க என்ன உங்கள முழுங்கிருவமா?"

கருப்பசாமி எழுந்து போய், வண்டிச் சாவியைக் கொண்டு வந்து என் கையில் வைத்தார். "சர்வீஸுக்கு வாரேன்னு அந்தப் புள்ளைக்குச் சொல்லிட்டீகள்ல. கொண்டு போங்க." வாசல் வரை வந்தவர், "ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுப்பேன்னு சொன்னீகளே, அதுல அழகுக்குன்னு எதையும் சேத்துராதீக," என்றார்.

சேர்க்கவில்லை.

மறுநாள் ஷோரூமுக்குப் போனேன். அந்த அட்வைசரைத் தேடினேன், வேலையை விட்டுப் போய்விட்டாராம். மேனேஜரும் புது ஆள். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு கள்ள சீல் பிடித்தீர்களே, அது என்னுடையது, பேச்சிமுத்து என்கிறவர் குத்தியதல்ல என்றேன். "எந்த சீல் சார்?" என்றார் மேனேஜர். விளக்கினேன். "பரவால்ல சார், வண்டி நம்பர் சொல்லுங்க," என்றார். கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆயில் கருப்பாக வடிந்தது. ஒரு சின்னத் தட்டு அளவுதான். முழுதாக வடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த போன். செல்வியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அடிக்கிறது. குறித்துக்கொண்டு போய், ஆணியிலிருந்து சாவியை எடுக்கிறேன். கருப்பசாமி சொல்லிவிட்டதால் இப்போது வாட்ச்மேன் தடுப்பதில்லை. முந்தாநாள் போனில் வந்த ஷோரூம் பெண்ணிடம், இனிமேலும் பொய் சொல்லக் கூடாது என்று, "பேச்சிமுத்து இறந்துட்டாரும்மா," என்றேன். எதையோ பார்த்துப் படிக்கிற குரலில், "சரிங்க சார், அவர்கிட்ட மறக்காம ஞாபகப்படுத்திடுங்க," என்று சொன்னாள்.

சரிம்மா என்று சொல்லி வைத்தேன்.